எத்தனை நாள் லீவு?

"ஏனுங்க சிஸ்டர், எத்தனை நாளைக்கு லீவு போடோணும்?"

விடுதிப் பள்ளியின் செவிலியர் பெற்றோருக்குப் போன் போட்டால் மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் பிளஸ் டூ மார்க்குக்காகவே பெயர் வாங்கியது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியோடு விட்டுப் போகிறார்கள். கடன் வாங்கி பீஸ் கட்டியவர்களும் அதில் உண்டு. இரண்டு நாள் போனால் நாலு டெஸ்ட் போச்சு என்கிற இடத்தில் நாள் கணக்குத்தான் முதலில் வரும்.

சிஸ்டர் சொல்லும் கணக்கு ஏறுக்குமாறாக இருக்கும். சின்னம்மைக்கு ஒரு வாரம். தலையில் பேன் என்றால் ஒரு நாள்கூட வேண்டாம். சொறி சிரங்குக்கு ஒரு ராத்திரி போதும். டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாளைவிடக் காய்ச்சல் விட்ட நாளில்தான் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இது பள்ளிக்கூடம் தன் வசதிக்குப் போட்ட சட்டம் போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் அந்தந்தக் கிருமியின் நாட்காட்டி இருக்கிறது. கிருமி எந்த நாளில் இன்னொருவருக்குத் தாவுகிறது என்பது ஒரு கணக்கு. நோய் எந்த நாளில் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகும் நோய்கள் குறைவு. பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடக்கும் மனத்தாங்கல்களில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சின்னம்மையிலிருந்து தொடங்குவோம். மாசி, பங்குனியில் ஊர் ஊராக மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுப் பூச்சாட்டும் மாதங்களில்தான் அதுவும் தலைகாட்டும். பொதுத்தேர்வும் அதே மார்ச்சில். காரணகர்த்தா வேரிசெல்லா ஜாஸ்டர் என்ற வைரஸ். மூச்சுக் காற்றிலும் கொப்புள நீரிலும் பரவும். உடலுக்குள் நுழைந்தபின் 10 முதல் 21 நாள் வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், எந்த அறிகுறியும் காட்டாமல் பெருகும். பிறகு லேசான காய்ச்சல், உடம்பு வலி. அதன்பின் நெஞ்சிலோ முதுகிலோ பனித்துளி ஒட்டிவைத்தாற்போல் முதல் கொப்புளம்.

இங்கேதான் வில்லங்கம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பையன் வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுகிறான். திங்கட்கிழமை காலை சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான் என்றால், சனிக்கிழமை ராத்திரி ஸ்டடி ஹாலிலும் ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பிரியாணி வரிசையிலும் அவன் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. திங்கள் மாலை அவனை வீட்டுக்கு அனுப்பி, கட்டிலைக் கழுவி, டெட்டால் தெளித்தபின் இரண்டு வாரம் அமைதியாகப் போகும். பிறகு ஒரே நாளில் நாலைந்து பேர் சட்டையைத் தூக்குவார்கள். அனுப்பின பிறகும் எப்படி வந்தது என்று வார்டன் குழம்புவார். அனுப்புவதற்கு முன்பே வந்தது அது.

பெரியம்மை இப்படி இல்லை. வாரியோலா என்ற அந்த வைரஸ் எத்தனையோ பேரைக் கொன்றது, பிழைத்தவர்களில் பலரைக் குருடாக்கியது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அது நேர்மையானது: முகத்தில் முத்து தெரியும் முன்பு பெரும்பாலும் பரவாது. முத்துப் போட்டவரை உடனே தனியே வைத்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். 1975 மே மாதத்தோடு இந்தியாவிலிருந்தும், பிறகு உலகத்திலிருந்தும் அதைத் துடைத்தெடுக்க முடிந்ததற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது.

வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாட்கள் வராமல் இருப்பது, வீட்டார் நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருப்பது, நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணி ஊற்றுவது என்று நம் வீடுகளில் இன்றும் இருக்கும் ஒழுங்கெல்லாம் பெரியம்மை காலத்தில் ஊறியது. தனிமைப்படுத்தல் என்ற அளவில் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது பெரியம்மைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் என்பதுதான் சங்கதி. சின்னம்மைக்கு அதைப் போடும்போது இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேருகிறது.

முடிவுப் பக்கத்தில் அந்தச் சட்டம் இன்னும் சரியாகவே வேலை செய்கிறது. சின்னம்மைக் கொப்புளங்கள் மூன்று நாலு நாள் கூட்டம் கூட்டமாக வரும். ஒருபக்கம் புதிது எழும்போதே மறுபக்கம் பழையது உடைந்து பொருக்குக் கட்டும். ஐந்து முதல் ஏழு நாளில் எல்லாமே காய்ந்துவிடும். வீட்டில் முதல் தண்ணி ஊற்றும் நாளும் ஏறக்குறைய அதுதான். பள்ளிச் செவிலியரின் விதியும் அதேதான்: புதிய கொப்புளம் எதுவும் வரவில்லை, இருந்ததெல்லாம் பொருக்காகிவிட்டது என்றால் பிள்ளை வகுப்புக்கு வரலாம். காய்ந்த பொருக்கிலிருந்து நோய் ஒட்டாது. பொருக்கு முழுக்க உதிர்ந்து தோல் பளபளப்பாகும்வரை சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் பள்ளிகள் பிள்ளையின் இரண்டு வாரத்தை வீணடிக்கின்றன.

வீட்டு வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இரண்டு. ஒன்று, ஒரு வாரம் உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்பது. வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் குளித்து ஒற்றியெடுத்தால் அரிப்பு குறையும். சொறிந்து சீழ் பிடிப்பதும் குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இரண்டாவது, அம்மைக்கு டாக்டரிடம் போகக் கூடாது என்பது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் தானே வந்து தானே போகும். பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு அப்படியல்ல. வயது ஏற ஏறச் சின்னம்மையின் கடுமை கூடும், நுரையீரல்வரை போகலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அம்மா வீட்டுக்குப் போய் யோசித்து, நாள் பார்த்துச் சொல்லும்போது அந்த நேரம் தாண்டியிருக்கும். இன்னொன்று: சின்னம்மையில் ஆஸ்பிரின் எந்தப் பெயரிலும் கொடுக்கக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் அதனால் வரலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

இனி, வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு நிற்கும் பையன், சேலத்தில் மாறி, தருமபுரி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்கார்ந்து ஊர் போய்ச் சேருகிறான். வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்கா. அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. தாய்க்குப் பிரசவத்தை ஒட்டிய நாட்களில் அம்மை போட்டால் பச்சைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. விடுதி தன் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொண்டது. கிராமத்தின் கணக்கில் ஒன்று கூடியது. ஆகவே விவரம் தெரிந்த சிஸ்டர் போனில் முதலில் கேட்பது, "வீட்ல யாராச்சும் முழுகாம இருக்காங்களாங்க? கைக்குழந்தை இருக்குதுங்களா? புற்றுநோய்க்கு, கிட்னிக்கு மருந்து சாப்பிடறவங்க?" என்பதுதான். இருந்தால் பையனை விடுதியின் சிக் ரூமிலேயே, ஏற்கெனவே அம்மை வந்துபோன ஆயாவின் கவனிப்பில் வைத்திருப்பது மேல். பொதுத்தேர்வு என்றால் தனி அறையில் எழுதவைக்கலாம்.

உடன் தங்கியிருந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே நாளில் தகவல் போகவேண்டும் என்பேன். நிறையப் பள்ளிகள் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கின்றன. நோயாளியோடு பழகிய மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டால் பலருக்கு நோயே வராமல் தடுக்கலாம். வந்தாலும் லேசாகப் போகும். மறைப்பதில் கரைவது அந்த மூன்று நாள்தான். இந்தத் தடுப்பூசியை உருவாக்கியவர் ஜப்பானியரான மிச்சியாக்கி தகாஹாஷி. தன் மகனே சின்னம்மையில் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தபின் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1974-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். நம் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இன்னும் இல்லை. தனியாரிடம் இரண்டு தவணை போட்டுக்கொள்ள வேண்டும். விடுதியில் சேர்க்கும்போது கட்டும் பணத்தோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமில்லை. விடுதிக்கு அனுப்பும் பிள்ளைக்கு அம்மை வந்ததில்லை என்றால் மே மாதத்திலேயே போட்டுவிடலாம். பொன்னுக்கு வீங்கிக்கும் இதே கதைதான். அரசு போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கி அதில் சேராது. கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, வீங்கி ஐந்து நாள் வரை அது பரவும். லீவு அந்த ஐந்து நாள்.

பள்ளியில் ஒரு செவிலியர் எதற்கு என்ற யோசனையே லீவுப் பிரச்சினையிலிருந்துதான் பிறந்தது. நியூயார்க்கில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வருவார்கள். கண் நோய், படை, பேன், சிரங்கு இருக்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிய பிள்ளைக்கு மருந்து யார் போடுவது என்பது அவர்கள் வேலையில்லை. லூயிஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் இருந்த புண்ணால் பள்ளிக்குள்ளேயே நுழைய முடியாமல், எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்ததை லில்லியன் வால்ட் என்ற செவிலியர் பார்த்தார். களிம்பு போட்டு ஆறவைத்துப் பள்ளியில் சேர்த்தார். 1902 அக்டோபரில் அவருடைய ஏற்பாட்டில் லீனா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் வேலைக்கு அமர்ந்தார். அனுப்பவேண்டிய பிள்ளையையும் அங்கேயே உட்காரவைத்து மருந்து போட்டார்; மாலையில் வீடு தேடிப் போய்த் தாய்க்குச் செய்முறை காட்டினார். 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101.

இந்தியாவில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை 1909-இல் பரோடாவில் தொடங்கியது. 1946-இல் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு நாடு முழுக்கப் பார்த்துவிட்டு, பள்ளி சுகாதாரம் என்று ஒன்று அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதியது. இன்றைக்கும் சேலம், நாமக்கல் அரசுப் பள்ளிகளில் தனியாக சிஸ்டர் கிடையாது. கிராம சுகாதார செவிலியர் வருவார்; 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் வண்டி மருத்துவரோடும் செவிலியரோடும் ஆண்டுக்கு ஒருமுறை வரும். மற்ற நாட்களில் சிஸ்டர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் வகுப்பு டீச்சர். அவருக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் "அம்மாவைக் கூட்டிட்டு வா."

லீனா ராஜர்ஸ் காலத்துப் பட்டியலில் இருந்த பேனுக்கு வருவோம். பேன் இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளையை வகுப்பிலிருந்து அனுப்புவதுபோல் பிரயோசனமில்லாத காரியம் வேறில்லை. முதல்முறை பேன் ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பேனின் எச்சிலுக்கு உடம்பு எதிர்வினை காட்டுவதுதான் அரிப்பு. டீச்சர் கண்ணில் படும்போது ஒரு மாதமாக அந்தப் பிள்ளை பக்கத்து பெஞ்சோடு தலை ஒட்டி உட்கார்ந்தாகிவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் அனுப்புவதால் மிச்சமாவது அவமானம் மட்டும். பேனுக்குத் தாண்டத் தெரியாது, பறக்கத் தெரியாது. தலையோடு தலை பட்டால் நடந்து போகும், அவ்வளவுதான். தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துவிடும்.

ஈரைப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். பேன் முட்டையிடுவது தலைத்தோலிலிருந்து அரைச் சென்டிமீட்டர் தூரத்துக்குள். அங்கேதான் பொரிக்கும் சூடு உண்டு. ஏழு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈர் மூன்று மாதத்துக்கு முந்தைய வெறும் கூடு. விரலால் இழுத்தால் வராது. பேன் பூசும் பசை அப்படி. பெர்மெத்ரின் மருந்தைப் போட்டு, ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு தரம் போடவேண்டும். முதல் தரம் தப்பிய ஈர்கள் பொரிந்திருக்கும், ஆனால் புதிதாக முட்டையிடும் வயது வந்திருக்காது. இந்த இரண்டாம் தரத்தை விடுபவர்கள்தான் மருந்தைக் குறை சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் மகளைக் காலிடுக்கில் உட்காரவைத்து, ஈரத்தலையில் எண்ணெய் தடவி, பேன் சீப்பால் வகிடு வகிடாக வாரி வெள்ளைத் துணியில் தட்டும் பாட்டியின் முறையும் நல்ல முறைதான், வாரக்கணக்கில் விடாமல் செய்தால். மண்ணெண்ணெய் மட்டும் கூடாது. அடுப்படிக்குப் போனால் தீப்பற்றும்.

சிரங்குக்கு மட்டும் லீவைவிட முக்கியம் ஒத்துழைப்பு. தோலுக்குள் குடைந்து போகும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் காரணம். ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்துதான் இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. இதிலும் முதல்முறை அரிப்பு வர நாலு முதல் ஆறு வாரம். அறையில் பத்துப் பேரில் மூன்று பேர் சொறிந்தால், சொறியாத ஏழு பேரிடமும் அது இருக்கலாம். எனவே பத்துப் பேரும் ஒரே ராத்திரி கழுத்திலிருந்து கால்விரல் இடுக்குவரை களிம்பு பூசிக்கொண்டு, காலையில் குளித்து, போர்வை துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் அன்றைக்கே வகுப்புக்குப் போகலாம். மூன்று பேருக்கு மட்டும் களிம்பு கொடுத்தால் அடுத்த மாதம் மறுபடி ஆரம்பம். பூசிய பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். செத்த உண்ணிக்கு உடம்பு காட்டும் கோபம் அது. லீவில் வீட்டுக்கு வந்த பிள்ளையோடு ஒரே பாயில் படுத்த தம்பி தங்கைக்கும் சேர்த்துப் பூசவேண்டும் என்பதைப் போனில் யாரும் சொல்வதில்லை.

2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது சேலம், தருமபுரி மாவட்டங்களில் பாதிப்பு அதிகம் என்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார். அந்த மாதம் கறுப்புக் கண்ணாடி வியாபாரம் நன்றாக நடந்தது. சிவந்த கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்மூர் நம்பிக்கை. பார்வையில் எதுவும் போகாது. கண்ணைத் துடைத்த கை, அந்தக் கை திருகிய குழாய், அதை அடுத்துத் திருகிய கை, அந்தக் கை தேய்த்த கண். இதுதான் வழி. பெரும்பாலும் அடினோவைரஸ். அதற்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் சானிடைசருக்குச் சுலபத்தில் மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். கண்ணில் நீரும் பீளையும் வடிவது நிற்கும்வரை வீட்டில் இருக்கட்டும். தனித் துண்டு, தனித் தலையணை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஒரு நாளில் சிவப்பு குறைந்ததுபோல் தெரியும், உள்ளே வைரஸ் நிம்மதியாக நீடிக்கும்.

காட்டும் நாளும் பரவும் நாளும் மிகவும் தள்ளிநிற்பது மஞ்சள் காமாலையில். குடிநீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ உடலுக்குள் போய்ச் சராசரியாக 28 நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். வைரஸ் மலத்தில் மிக அதிகமாக வெளியேறுவது மஞ்சள் தெரிவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில். மஞ்சள் கண்டு ஒரு வாரம் ஆனபின் அநேகமாகப் பரவாது. வீட்டில் நடப்பது தலைகீழ். மஞ்சள் தெரிந்ததும் தட்டு, டம்ளர் தனி, ஒரு மாதம் லீவு, கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். பிள்ளை நோயைப் பரப்பிய நாட்களில் எல்லாரோடும் ஒன்றாக விளையாடிக்கொண்டிருந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. லேசான வயிற்றுக் கோளாறோடு போய்விடும், பரப்புவது மட்டும் குறையாது.

அதனால் காமாலை வந்த பள்ளியில் கேட்கவேண்டிய கேள்வி லீவைப் பற்றியதில்லை. தொட்டியில் குளோரின் போட்டீர்களா என்பதுதான். சுகாதார ஆய்வாளர் கையில் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து ஆர்த்தோடோலிடின் சொட்டு விடுவார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நிறத்தைப் பக்கத்திலிருக்கும் அளவோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். கடைசிக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். சோதிக்கவேண்டியது தொட்டியடிக் குழாயில் அல்ல. விடுதியின் மூலைக் குழாயில். நிறம் மாறாமல் தெளிவாகவே நின்றால் அடுத்த மாதம் யாருக்கோ கண் மஞ்சளாகப் போகிறது.

சாதாரணக் காய்ச்சலுக்கு விதி எளிது: மருந்தின் உதவியில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் பள்ளிக்கு வரலாம். இந்த விதி மீறப்படும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். காலை ஆறரைக்குப் பாரசிட்டமால், ஏழரைக்கு வேன். மருந்து நிற்பது நாலிலிருந்து ஆறு மணி நேரம். பதினொன்றரைக்கு டீச்சர் கைபேசியில் அம்மாவைக் கூப்பிடுகிறார். அம்மா தறிப்பட்டறையிலோ கோழிப்பண்ணையிலோ வேலையில் இருப்பார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே இதைக் கவனக்குறைவு என்று பேச எனக்கு மனம் வரவில்லை. சிரப் கொடுத்து அனுப்பியிருந்தால், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியாவது கொடுத்துவிடலாம். இல்லையென்றால் பள்ளியிலும் ஒரு மாத்திரை கொடுத்து அளவு கூடிவிடும்.

டெங்கு இந்த 24 மணி நேர விதியையே குப்புறக் கவிழ்க்கும். 2017-இல் சேலம் மாவட்டம் அதில் பட்ட பாடு நினைவிருப்பவர்கள் நிறையப் பேர். டெங்கு பிள்ளைக்குப் பிள்ளை ஒட்டாது. நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும். காய்ச்சலின் முதல் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது கடிக்கும் கொசு அதை எடுத்துக்கொண்டு போகும், அதுவும் பகலில். எனவே பிள்ளையைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைப்பது ஊருக்குச் செய்யும் உபகாரம். ஆபத்து தலைதூக்குவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி ரத்தம் கெட்டியாகும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று பிள்ளையை அனுப்பும் நாள் பெரும்பாலும் இதே நாளாக இருக்கும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கைகால் சில்லிட்டுச் சோர்ந்து படுப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லாரும் கேட்கிறார்கள்; ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமடோகிரிட்தான் மருத்துவர் முதலில் பார்ப்பது. இந்தக் காய்ச்சலில் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது.

லீவே போடக் கூடாத நாட்களும் உண்டு. ஆனால் அன்றைக்குத்தான் சில வீடுகளில் போடுகிறார்கள். "மாத்திரை குடுக்கறாங்களாம், நாளைக்குப் போக வேண்டாம் கண்ணு" என்பது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கேட்கும் பேச்சு. 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்கக் கொடுப்பார்கள். மருந்து புழு சர்க்கரையை உறிஞ்சும் வழியை அடைத்துவிடும். புழு பட்டினியில் சாகும். வயிற்றில் நிறையப் புழு இருக்கும் பிள்ளைக்குத்தான் அன்று குமட்டலும் வயிற்றுவலியும் வரும். அதைப் பார்த்து அடுத்தமுறை லீவு போட்டால், யாருக்கு மருந்து மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைதான் விடுபட்டுப்போகும். கொக்கிப் புழு செருப்பில்லாத கால்வழியே ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். ரத்தசோகைக்கு அது ஒரு காரணம்.

வாரம் ஒருமுறை, பெரும்பாலும் வியாழக்கிழமை, கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே எதிர்ப்பு உண்டு. சத்துணவில் தினம் முட்டை போடும் மாநிலத்தில், அந்த முட்டையே விளையும் நாமக்கல்லில் மாத்திரை எதற்கு என்று ஒரு அப்பா கேட்டால் நியாயமான கேள்விதான். மஞ்சள் கருவில் இரும்பு இருக்கிறது; ஆனால் ஃபாஸ்விட்டின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது. முட்டை புரதத்துக்கு. இரும்புக்கு முருங்கைக்கீரையும் ராகியும், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, போதாததற்கு மாத்திரை. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். குடற்புழு மாத்திரை நாளில் காய்ச்சலாலோ அம்மையாலோ வர முடியாமல் போன பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் வைத்திருப்பார்கள். தேதியை டீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம்.